கடைசிப் பந்தியில் ஒரு துறைமுகப் பங்கு: நாலு வருட அனுபவம்

மிக்ஸி வாங்கினால் விமர்சனம் எழுதுகிறோம், பிரியாணிக் கடைக்கு எழுதுகிறோம், லட்சக்கணக்கில் காசு போட்டு வாங்குகிற பங்குக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. வாங்குவதற்கு முன்னால் டார்கெட் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள், வாங்கி மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவரையும் காணோம். அதனால் 2021 கடைசியில் வாங்கி இன்றுவரை பாதியை வைத்திருக்கும் ஒரு சின்னத் துறைமுக, லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிப் பங்கைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பங்குகள்தான் கைமாறும், என்னிடமும் இன்னும் இருக்கிறது, பெயரைச் சொன்னால் விலையை ஏற்றிவிட எழுதினான் என்று பாதிப் பேரும் இறக்கிவிட எழுதினான் என்று மீதிப் பேரும் சொல்வார்கள். நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகன் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பில் போடுகிற ஆள், அவ்வளவுதான்.

ஏன் வாங்கினேன் என்பதற்கு ஒரு பலவீனம்தான் காரணம். எங்கள் தாத்தா தோணித்துறையில் வேலை பார்த்தவர். 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக ஆவதற்கு முன்னால் கப்பல்கள் கரைக்கு வராது, தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைத் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். நான் வாங்கிய கம்பெனி இன்றும் குஜராத் பக்கத்தில் அதே வேலையைத்தான் இரும்பு பார்ஜ், அதாவது தட்டையான சரக்குப் படகு, வைத்துச் செய்கிறது. நிலக்கரிக் கப்பல் ஆழமான இடத்தில் நிற்கும், பார்ஜ் போய் இறக்கிக்கொண்டு வரும், ஜெட்டியில், அதாவது படகு அணையும் மேடையில், பொக்லைன் அள்ளிக் குவிக்கும், லாரி எடுத்துப் போகும். ஆண்டறிக்கையில் அந்தப் பார்ஜ் படத்தைப் பார்த்ததும் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. பங்கு வாங்குவதற்கு இதைவிட மோசமான காரணம் இருக்க முடியாது.

சரி, எண்களும் அப்போது நன்றாகத்தான் இருந்தன. 38 ரூபாய்க்கு 4,000 பங்கு, ஒன்றரை லட்சத்துச் சொச்சம். சொந்த ஜெட்டி, சில பார்ஜ்கள், ஐம்பது அறுபது லாரி, ஒரு கிடங்கு. ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்குப் பக்கத்தில் சரக்கு. கடன் உண்டு, ஆனால் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், காட்டி ‘மூன்று வருடத்தில் அடைத்துவிடுவோம்’ என்றார்கள். நாட்டின் வெளிநாட்டு வணிகத்தில் எடைக் கணக்கில் 95 சதவீதம் கடல் வழியாகத்தான் போகிறது என்கிற வரி எல்லா முதலீட்டாளர் விளக்கப் படத்திலும் இரண்டாவது பக்கத்தில் இருக்கும். உண்மையான வரிதான். அதில் நம்ம கம்பெனிக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. நம்ம கம்பெனி இருக்கும் அதே கட்ச் வளைகுடாவில் அதானியின் முந்த்ரா துறைமுகம் 2024-25 நிதியாண்டில் மட்டும் 20 கோடி டன்னைத் தாண்டியது. நாங்கள் அதில் நூறில் ஒரு பங்கு. கல்யாண மண்டபத்துக்கு எதிரே டீக்கடை போட்ட மாதிரி. மண்டபத்தில் கூட்டம் வழிந்தால் நமக்கும் நாலு டீ போகும், மண்டபத்துக்காரர் உள்ளேயே டீ கொடுக்க ஆரம்பித்தால் கடையை மூட வேண்டியதுதான்.

2023 பிப்ரவரியில் நேரில் போய்ப் பார்த்தேன். அத்தான் காந்திதாமில் சர்வேயராக இருக்கிறார், அக்கா வீட்டுக்குப் போன சாக்கில் அவர் பைக்கில் கூட்டிப்போனார். துறைமுகம் என்றதும் கிரேன், கண்டெய்னர் என்று கற்பனை பண்ணாதீர்கள். சேறு, அலையாத்திப் புதர், ஒரு சிமெண்ட் ஜெட்டி, அதில் இரண்டு பார்ஜ், மூன்றாவது பார்ஜ் ஒரு ஓரமாகத் துருப்பிடித்து நின்றது. ஆண்டறிக்கையில் அதுவும் ‘இயங்கும் சொத்து’ கணக்கில்தான் இருந்தது. நாங்கள் போன நேரம் கடல் வற்றம், பார்ஜ் அசையாது, அடுத்த ஏற்றத்துக்கு நாலு மணி நேரம் என்றார்கள். அந்த நாலு மணி நேரத்துக்கும் ஆளுக்குச் சம்பளம், கப்பல் தாமதமானால் அதற்கு டெமரேஜ் என்கிற அபராதம், வங்கிக்கு வட்டி. இதெல்லாம் எக்செல் தாளில் தெரியாது.

வெளியே டீக்கடையில் ஒரு லாரி ஓனர் உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் டீயை ரகாபியில், அதாவது சாசரில், ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார்கள். அவர் சாசரைக் கையில் வைத்துக்கொண்டே அத்தானிடம் இந்தியில் சொன்னது எனக்கும் புரிந்தது: ‘வேலை நிறைய இருக்கு, காசுதான் வரலை. அக்டோபர் பில்லே பாக்கி.’ நான் பிப்ரவரியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் கேட்டேன், சொன்னார், நம்ம கம்பெனிதான். இரண்டு வாரம் முன்னால் வந்த காலாண்டு முடிவில் லாபம் 30 சதவீதம் ஏற்றம் என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஆண்டறிக்கையில், வர வேண்டிய பாக்கி எத்தனை மாதப் பழசு என்று காட்டும் அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். 2021-22 முதல் எல்லாக் கம்பெனியும் அதைப் போட்டாக வேண்டும். ஆறு மாதம் தாண்டிய பாக்கி முந்தைய ஆண்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நிலக்கரி வாங்கியவன் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை, கம்பெனி லாரிக்காரருக்குக் கொடுக்கவில்லை. லாபம் காகிதத்தில் இருந்தது.

இந்தத் தொழிலில் பங்குதாரர் கடைசிப் பந்திக்காரர் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. முதல் பந்தி அரசாங்கத்துக்கு. கரையும் கடலும் அவர்களுடையது, நாம் 30 வருடத்துக்குக் குத்தகைக்காரர்கள், ராயல்டியோ வருவாயில் பங்கோ கொடுத்தாக வேண்டும். ‘குறைந்தபட்சம் இவ்வளவு சரக்கு கையாளுவேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் சரக்கு வராவிட்டாலும் அதற்குரிய காசு கட்ட வேண்டும். எங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. தூத்துக்குடி ஏழாவது தளத்தில், சிங்கப்பூர் பிஎஸ்ஏவும் சென்னைக் கம்பெனி சிக்காலும் சேர்ந்து நடத்திய பிஎஸ்ஏ சிக்கால் கண்டெய்னர் முனையம் 30 வருட ஒப்பந்தத்தில் 1999-இல் வேலையைத் தொடங்கியது, ஒரு கண்டெய்னருக்கு இவ்வளவு என்று வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் ராயல்டி. கட்டணத்தை அப்போது நிர்ணயித்தது இன்னொரு ஆணையம், அது ராயல்டியைச் செலவாக ஏற்க மாட்டேன் என்றது. நஷ்டம் என்று முனையம் முறையிட, நடுவர் மன்றம் ராயல்டியை வருவாய்ப் பங்காக மாற்றிக் கொடுத்தது, ஆனால் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதெல்லாம் செல்லாது, ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாமல் ஒப்பந்தத்தை மாற்றி எழுத முடியாது என்று சொல்லிவிட்டது. நான் அந்த முனையத்தின் வாசலில் எத்தனையோ நாள் பேப்பரோடு நின்றிருக்கிறேன், கண்டெய்னர் வரிசையாகப் போகும். இவ்வளவு சரக்கு போகிற இடத்தில் நஷ்டமா என்றுதான் அப்போது தோன்றும். இரண்டாவது பந்தி கடலுக்கு, தூர்வாரத் தூர்வார மண் வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது வங்கிக்கு. அப்புறம் டீசல், ஆள் கூலி, லாரி. நமக்கு இலை போடும்போது பாயசம் தீர்ந்திருக்கும், பல நேரம் சாதமே தீர்ந்திருக்கும்.

சரக்கு விஷயத்தில் இன்னொரு ஆபத்து. பெரிய துறைமுகத்துக்கு நூறு விதமான சரக்கு, சின்னதுக்கு ஒன்றோ இரண்டோ. எண்ணூர்த் துறைமுகத்தில் சிக்கால் கூட்டணி கர்நாடக இரும்புத் தாதுவை நம்பி ஒரு முனையம் கட்டியது, கர்நாடக அரசு 2010-இல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் சுரங்க வேலையையே நிறுத்தியது. முனையம் தயார், தாது இல்லை. நிலக்கரிக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. என் கம்பெனியின் ஊர்ப்பக்கமும் இதே கதை உண்டு. மோர்பி ஓட்டு, டைல்ஸ் ஆலைகள் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களை மூட வேண்டும் என்று 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, ஆலைகள் குழாய் எரிவாயுவுக்கு மாறின. மக்களின் நுரையீரலுக்கு நல்லது, அந்த நிலக்கரியை இறக்கிப் பிழைத்தவர்களுக்கு அடி. நான் வாங்கியது அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஆனாலும் இது எனக்குத் தெரியாது. படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை.

மழைக்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் பார்ஜ் வேலை தள்ளாடும், ஜூலை-செப்டம்பர் காலாண்டு எப்போதும் நோஞ்சான்தான், அதை முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் பயந்து விற்றுவிடுவீர்கள், போன வருடத்து அதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் ஜக்காவ் பக்கம் கரையைக் கடந்தபோது கண்ட்லா, முந்த்ரா எல்லாமே வேலையை நிறுத்தின. பெரியவர்களுக்கு அது சில நாள் தொல்லை. எங்கள் கம்பெனி அந்தக் காலாண்டில் நஷ்டம் காட்டியது.

இந்தப் பங்குகளை ஆட்கள் வாங்குவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: ‘ஒரு நாள் அதானியோ ஜேஎஸ்டபிள்யூவோ வாங்கிடும், அன்னிக்கு ராக்கெட்.’ வாங்குவது உண்மைதான், அதை மறுக்கவில்லை. மகாராஷ்டிராவின் திகி துறைமுகத்தை 2021-இல் 705 கோடிக்கு, காரைக்காலை 2023-இல் 1,485 கோடிக்கு அதானி வாங்கியது. ஆனால் இரண்டுமே திவால் நடவடிக்கை வழியாக நடந்தவை. காரைக்காலைக் கட்டியது சென்னையைச் சேர்ந்த மார்க் நிறுவனம், 2009-இல் கப்பல் வரத் தொடங்கியது, கடன் மூழ்கடித்தது. 1,485 கோடி போனது கடன் கொடுத்தவர்களுக்கு. திவால் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று வரிசையே போட்டிருக்கிறார்கள், அந்த வரிசையின் கடைசி ஆள் சாதாரணப் பங்குதாரர். பந்தி வரிசையைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. சிக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள், 1955-இல் தொடங்கிய மெட்ராஸ் கம்பெனி, சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எம்.ஏ.சிதம்பரம் குடும்பத்துடையது, 2011-இல் காபி டே குழுமத்துக்குப் போனது, 2019-இல் காபி டே நிறுவனர் சித்தார்த்தா இறந்த பிறகு கடன் சுமையில் தவித்து 2021-இல் திவால் நடவடிக்கைக்குள் போய் 2022 டிசம்பரில் பிரிஸ்டின் குழுமத்தின் கைக்கு வந்தது. கம்பெனி பிழைத்துக்கொண்டது. அதனால் பழைய பங்குதாரர் பிழைத்தார் என்று அர்த்தமில்லை. ‘பெரிய ஆள் வாங்குவான்’ என்று காத்திருப்பவர்கள், அவன் கம்பெனியை வாங்குவானா உங்கள் பங்கை வாங்குவானா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விற்ற கதையையும் சொல்கிறேன், விமர்சனத்தில் இதுதான் உபயோகமான பகுதி. 2024 தொடக்கத்தில் விலை 140 வரை போனது. காரணம் தொழில் இல்லை, புரமோட்டருக்கு, அதாவது கம்பெனியை நடத்தும் முதலாளிக்கு, வாரண்ட் கொடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு. வாரண்ட் என்றால் பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை, கால் பங்குக் காசு மட்டும் இப்போது கட்டி மீதியை 18 மாதத்துக்குள் கட்டலாம், விருப்பமில்லாவிட்டால் கட்டாமல் கால் பங்கை இழந்துவிடலாம். ‘புரமோட்டரே காசு போடுகிறார்’ என்று எல்லாரும் குதித்தார்கள். நானும் மனக்கணக்கில் லாபம் நாலு லட்சத்தைத் தாண்டிய பூரிப்பில் ஒன்றும் விற்கவில்லை. அப்புறம் ஒரு நாள், கம்பெனி கடனைக் கட்டுமா என்று தரம் பார்க்கும் ரேட்டிங் நிறுவனம் ‘தகவல் தர ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்புப் போட்டுத் தரத்தைக் கீழே இறக்கியது. அடுத்த நாள் காலை 118-இலிருந்து லோயர் சர்க்யூட், அதாவது அன்றைக்கு இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்கிற எல்லை. நான் 2,000 பங்கை விற்கப் போட்டேன். வாங்க ஒருவரும் இல்லை, திரையில் வாங்குவோர் பக்கம் முழுக்கப் பூஜ்யம். 112, 106, 101, 96, 91, 86. தினமும் ஐந்து சதவீதம், ஆறு நாள், காலையில் ஒன்பதேகாலுக்கு மொபைலைத் திறப்பேன், வரிசையில் எனக்கு முன்னால் லட்சக்கணக்கில் பங்குகள் நிற்கும். ஏழாவது நாள் 84-க்குப் போனது. ‘ஸ்டாப் லாஸ் போட்டுக்கலாம், குறிச்ச விலைக்கு இறங்கினா தானா வித்துடும்’ என்று இந்த மாதிரிப் பங்குக்கு அறிவுரை சொல்பவர்கள் ஒரு முறை இந்த வரிசையில் நின்று பார்க்கட்டும்.

லாப நஷ்டக் கணக்கு: விற்ற பாதியிலேயே போட்ட அசலும் கொஞ்சம் மேலேயும் வந்துவிட்டது, மீதி 2,000 பங்கு இப்போது 50-க்குப் பக்கத்தில் நிற்கிறது. நஷ்டம் இல்லை. ஆனால் இது திறமை இல்லை, வாங்கிய நேரம் நல்ல நேரம். 2024-இல் 130-க்கு வாங்கிய என் ஆபீஸ் தம்பி இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, நான் சொல்லித்தான் வாங்கினான்.

நல்லதும் சொல்ல வேண்டும். ஜெட்டி உரிமம் இன்னும் பல வருடம் இருக்கிறது, அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற பொருள் இல்லை. ஜெட்டி மேனேஜர் கெட்டிக்காரர், முன்பின் தெரியாத என்னை உட்காரவைத்து, எந்த ஏற்றத்தில் எத்தனை டன் பார்ஜ் உள்ளே வரும் என்று நோட்டுப் புத்தகத்தில் வரைந்து காட்டினார், தொழில் தெரிந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். போன வருடப் பொதுக்கூட்டம் வீடியோவில் நடந்தது, பேசப் பதிவு செய்திருந்தேன், இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மூன்றாவது பார்ஜ் எப்போது ரிப்பேர் ஆகும், லாரிக்காரர் பாக்கி எவ்வளவு என்று இரண்டே கேள்வி. ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, விவரம் மின்னஞ்சலில் வரும்’ என்றார் சேர்மன். வரவில்லை.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார். அந்த இரண்டும் ஜெட்டிக்கு. இந்தத் துறைமேல் ஆசை இருந்து, ஆபத்து வேண்டாம் என்றால் பெரிய கம்பெனிகள் சந்தையில் இருக்கின்றன, விலை ஜாஸ்தியாகத் தெரியும், ஆனால் விற்கிற அன்றைக்கு வாங்க ஆள் இருக்கும். சின்னதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், போனாலும் வீட்டில் சொல்லாமல் சமாளிக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள், வாங்கும் முன் ஒரு நாள் அந்தத் துறைமுக வாசல் டீக்கடையில் போய் உட்காருங்கள்.

மீதி 2,000 பங்கை ஏன் இன்னும் விற்கவில்லை என்று வீட்டில் கேட்கிறார்கள். போன மாதம் அத்தான் போன் பண்ணியிருந்தார். அந்த லாரி ஓனரைப் பார்த்தாராம், பழைய பாக்கியில் பாதி வந்துவிட்டதாம்.