ஒட்டாவாவின் லோரியே இல்லம்: பார்க்கப் போகுமுன் படிக்க வேண்டியவை

ஒட்டாவாவுக்கு வரும் உறவினர்களைப் பாராளுமன்றக் குன்றுக்கும் ரிடோ கால்வாய்க்கும் அழைத்துச் செல்வதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். குன்றிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், சாண்டி ஹில் பகுதியில், 335 லோரியே அவென்யூ கிழக்கு என்ற முகவரியில் உள்ள லோரியே இல்லத்துக்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கலாம் என்பது என் பரிந்துரை. கனடிய மக்களவையில் மற்ற எவரையும்விட அதிக காலம், ஏறத்தாழ 45 ஆண்டுகள், உறுப்பினராக இருந்த சேர் வில்ஃபிரட் லோரியே வாழ்ந்து மறைந்த வீடு இது. நீல நிற ஐந்து டொலர் தாளில் நாம் நாள்தோறும் பார்க்கும் முகம் அவருடையதுதான்.

1878இல் கட்டப்பட்ட இந்த மூன்று மாடி வீட்டை லிபரல் கட்சி 1897இல், அவர் பிரதமரான மறு ஆண்டு, அவருக்காக வாங்கிக் கொடுத்தது. இப்போது பார்க்ஸ் கனடா இதைத் தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணி வருகிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் விளக்கம் பெறலாம். வழிகாட்டியுடன் சுற்றுவதே நல்லது. கதை தெரியாமல் பார்த்தால் பழைய தளபாடங்கள் நிறைந்த ஒரு பணக்கார வீடாக மட்டுமே இது தோன்றும்.

உள்ளே நுழையுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குப் பெயர் லோரியேயுடையது என்றாலும், உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி அவருக்குப் பின் இங்கே வாழ்ந்த இன்னொரு லிபரல் பிரதமரான மெக்கன்சி கிங்குடையது. லோரியே 1919இல் இறந்தார். 1921இல் இறந்த அவருடைய மனைவி ஸோயி, வீட்டைக் கிங்குக்கு எழுதிவைத்தார். கிங் இங்கே 1923 முதல் 1950 வரை வாழ்ந்து, இறக்கும்போது அதைக் கனடா நாட்டுக்கே விட்டுச் சென்றார். ஆகவே லோரியேயைத் தேடிப் போகிறவர் அவருடைய வாழ்க்கையை ஓரளவு படித்துவிட்டுப் போனால்தான் இந்த அறைகள் பேசத் தொடங்கும்.

அந்த வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது, தோல்விகளுக்குப் பிறகும் சபையை விட்டு விலகாமல் அவர் இருந்த விதம். 1841இல் கியூபெக்கின் சென்-லேன் ஊரில் பிறந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1874இல் டிரமண்ட்-ஆர்தபாஸ்கா தொகுதியிலிருந்து ஒட்டாவாவுக்கு வந்தார். 1877இல் அமைச்சரானபோது, அன்றைய விதிப்படி மீண்டும் வாக்காளர்களிடம் போக வேண்டியிருந்தது. சொந்தத் தொகுதியே அவரைத் தோற்கடித்தது. சில வாரங்களில் கியூபெக் கிழக்குத் தொகுதி அவரை ஏற்றுக்கொண்டது, இறக்கும் நாள்வரை கைவிடவுமில்லை. 1887இல் கட்சித் தலைவராகி, 1891 தேர்தலில் தோற்று, 1896இல் வென்று, பிரெஞ்சு வழிவந்த முதல் பிரதமராக 15 ஆண்டுகள் இடைவிடாது ஆண்டார். அல்பேர்ட்டாவும் சஸ்காச்சுவானும் 1905இல் மாகாணங்களானது அவருடைய ஆட்சியில்தான். 1911இல் அமெரிக்காவுடனான வர்த்தக உடன்பாட்டை முன்வைத்துப் போட்டியிட்டு ஆட்சியை இழந்தார். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர் அத்துடன் ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ எதிர்க்கட்சித் தலைவராக மேலும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சபையில் அமர்ந்திருந்தார்.

அந்தக் கடைசி ஆண்டுகள்தான் இந்த வீட்டின் கதையை அடுத்த மனிதரோடு இணைக்கின்றன. 1917இல் கட்டாய இராணுவ சேவை நாட்டைப் பிளந்தபோது, ஆங்கிலம் பேசும் லிபரல்களில் பலர், அதை எதிர்த்த அவரைவிட்டுப் பிரிந்து, அன்றைய பிரதமர் போர்டனின் கூட்டணி அரசில் சேர்ந்தார்கள். அந்தத் தேர்தலில் லோரியேயின் அணி வென்ற 82 இடங்களில் 62 கியூபெக்கில் கிடைத்தவை. அவர் பக்கம் நின்று தன் தொகுதியில் தோற்றவர்களில் கிங்கும் ஒருவர். 1919இல் கட்சித் தலைமை கிங்குக்கு வந்ததிலும், பின்னர் ஸோயியின் உயில் அவருக்குச் சாதகமாக அமைந்ததிலும் அந்த விசுவாசத்துக்குப் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டின் உச்சம் மூன்றாம் மாடியில் உள்ள கிங்கின் வாசிப்பறை. சுவரை மறைத்து நிற்கும் புத்தகங்களுக்கிடையே, கணப்பு நெருப்பருகே மடியில் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் அவருடைய தாயாரின் ஓவியம், விளக்கொளி விழும்படி வைக்கப்பட்டிருக்கிறது. இறந்தவர்களோடு பேச முடியும் என்று நம்பிய அந்தப் பிரதமரின் பளிங்குக் கோளமும் இந்த வீட்டில் உண்டு. பிள்ளைகள் அதைத்தான் அதிகம் விரும்பிப் பார்ப்பார்கள். என்றாலும் லோரியேயோடு தொடர்புடைய பொருட்களுக்கு முன்னால் சற்றுக் கூடுதல் நேரம் நில்லுங்கள். அவை குறைவு என்பதாலேயே அவசரத்தில் கடந்துபோய்விடக்கூடியவை.

நம்மைப் போலப் புலம்பெயர்ந்து வந்தவர்கள் இன்னொரு பக்கத்தையும் மனத்தில் கொண்டு போக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து பெருந்தொகையான குடியேறிகளைப் புல்வெளி மாகாணங்களுக்கு வரவழைத்த அதே லோரியே அரசுதான், சீனக் குடியேறிகளிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைவரியை 1903இல் 500 டொலராக உயர்த்தியது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரடியாக வருபவருக்கே அனுமதி என்ற 1908ஆம் ஆண்டு விதியும் அவருடைய ஆட்சியில் வந்ததே. இந்தியாவிலிருந்து அப்படி நேரடியாக வரக் கப்பல் சேவை இல்லாததால், அந்த விதி இந்தியர்களுக்குக் கதவை மூடியது. 1914இல் இந்தியப் பயணிகளோடு வந்த கோமகாட்டா மாரு கப்பல் வான்கூவரில் திருப்பியனுப்பப்பட்டதற்கும் அது ஒரு காரணம். சமரசத்தின் தலைவர் என்று போற்றப்படும் ஒருவர் அந்தச் சமரசத்தின் எல்லையை எங்கே வரைந்தார் என்பதை அறிந்து பார்க்கும்போது, அவர்மீதான மதிப்பு எனக்கு முழுதாக இல்லாமற் போவதில்லை, ஆனால் கேள்வியில்லாமலும் இருப்பதில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் வழியிலேயே சொல்லி, வழிகாட்டியிடம் தாங்களே கேட்கும்படி அவர்களை ஊக்குவிக்கலாம்.

ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடம் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம். கோடை காலத்தை ஒட்டியே பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள்; நாட்களையும் கட்டணத்தையும் பார்க்ஸ் கனடா இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. ஒட்டாவா பல்கலைக்கழகம் அருகிலேயே இருப்பதால் நகர ரயிலில் பல்கலைக்கழக நிலையத்துக்கு வந்து அங்கிருந்து நடந்து போகலாம்.