பொய்ச் சாமியாட்டமும் ஒரு சூம் அழைப்பும்: ‘ஹோஸ்ட்’ பட விமர்சனம்

மதுரை வில்லாபுரத்தில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் என் வேலை. முகூர்த்த மாதங்களில் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு கல்யாணத்துக்கு 400, 500 ஜிபி வரும். ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத குடும்பத்து முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனாலேயோ என்னவோ, பேய்ப் படங்களில் ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ வகை என்றால் எனக்கு உயிர். யாரோ எடுத்துவைத்த வீடியோ அப்படியே நம் கைக்குக் கிடைத்ததுபோலக் காட்டுகிற படங்கள்.

எல்லார் கையிலும் கேமரா இருக்கிற இந்தக் காலத்தில் இந்த வகையில் எதைப் பார்க்கலாம் என்று தம்பி கேட்டான். ‘ஹோஸ்ட்’ என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். எனக்கு இது நான்காவது தடவை.

2020 ஜூலையில் வந்த பிரிட்டிஷ் படம். இயக்குநர் ராப் சாவேஜ். மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கொரோனா ஊரடங்கில் அவரவர் வீட்டில் அடைந்து கிடக்கும் நண்பர்கள் சூமில் கூடி, ஆவியுலகத்தோடு பேசும் ஒரு பெண்மணியையும் அழைப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். படம் முழுக்க அந்த ஒரு திரைதான். எடுத்ததும் அதே ஊரடங்கில்தான். இயக்குநர் அந்த வீடுகளுக்குள் போக முடியாததால் தூரத்திலிருந்தே சொல்லிக்கொடுக்க, நடிகர்களே கேமராவையும் விளக்கையும் வைத்துக்கொண்டு நடித்திருக்கிறார்கள். யோசனை தோன்றியதிலிருந்து படம் வெளிவர 12 வாரம்தான் ஆனதாம். கூட்டமாக வேலை செய்யும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கதையின் முடிச்சு ஒரு பொய். ஜெம்மா என்ற பெண், கழுத்தில் ஏதோ இறுக்குகிறது, பள்ளியில் கூடப் படித்து இறந்துபோன ஒரு பையன் வந்திருக்கிறான் என்கிறாள். அப்படி ஒரு பையனே கிடையாது. விளையாட்டுக்குச் சொன்னது. இல்லாத ஓர் ஆவியைக் கூப்பிட்டதால் அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதல் தடவை இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். எங்கள் அப்பத்தா ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. சின்ன வயதில் பொங்கல் சாட்டிய மறுநாள், பிள்ளைகள் எல்லாம் வேப்பங்குலையைப் பிடித்துக்கொண்டு சாமியாடி விளையாடினோம். அப்பத்தா ஓடிவந்து என் கையிலிருந்த குலையைப் பிடுங்கிப் போட்டது. “வெளாட்டுக்குக்கூடப் பொய்யாச் சாமியாடாதடி. நெசமாவே எதாச்சும் வந்து ஏறிக்கிரும்.” அப்போது அதன் கை நடுங்கியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிரிட்டிஷ் பிள்ளைகளின் சூம் அழைப்பில் அந்த நடுக்கத்தைத் திரும்பப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

பயம் எங்கே இருக்கிறது என்றால், திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. நான்கு கேமராவில் எடுத்த கல்யாணத்தை மல்டிகேமில் வெட்டும்போது நான்கு கட்டமும் ஒரே திரையில் ஓடும். கண் ஒரு கட்டத்தில் நிலைக்காது. மூலையில் யார் குறுக்கே போகிறார்கள், பின்னால் எந்தக் கதவு திறக்கிறது என்று அலைந்துகொண்டே இருக்கும். ‘ஹோஸ்ட்’ நம் கண்ணை அதே வேலைக்குப் பழக்குகிறது. பேசுகிறவளை விட்டுவிட்டு, பேசாமல் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். முகத்தில் முகமூடி ஒட்டுகிற ஃபில்டர் தெரியும் இல்லையா? அந்த ஃபில்டர், ஆளே இல்லாத இடத்தில், அந்தரத்தில் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறது. ரத்தமோ கோர உருவமோ எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆல்பத்துக்குப் படம் பிரிக்கும் என் மென்பொருளும் முகம் என்று நினைத்ததைச் சுற்றிப் பெட்டி போடும். மாலை போட்ட தாத்தா படத்துக்குப் போடும். கும்பத்துத் தேங்காயின் மூன்று கண்ணுக்குக்கூட ஒரு தடவை போட்டது. ஒருநாள் ராத்திரி, மணமேடைக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலை மடிப்பில் ஒரு பெட்டி. அடுத்த படத்திலும் அதே இடத்தில் பெட்டி. மடிப்பில் விழுந்த நிழல்தான், தெரியும். ஆனாலும் எழுந்து மாடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். ‘ஹோஸ்ட்’ எடுத்தவர்களுக்கும் அந்தப் பெட்டியின் பயம் தெரிந்திருக்கிறது.

1999இல் ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ படம் வந்தபோது இது நிஜமாகவே நடந்தது என்று நம்பவைக்க முடிந்தது. நடிகர்களைக் காணாமல்போனவர்களாகவே காட்டி ஒரு இணையதளமும் வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்த நடிகையின் இன்ஸ்டாகிராமை இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துவிடுவார்கள். அதனால் இப்போதைய நல்ல படங்கள் ‘இது நிஜம்’ என்று சாதிப்பதில்லை. ‘இது உன் திரை’ என்கின்றன. 2014இல் வந்த ‘அன்ஃபிரெண்டட்’ முழுக்க ஒரு லேப்டாப் திரையில் நடந்தது. ஒரு பதிலைத் தட்டி, அழித்து, வேறு பதில் தட்டுவதிலேயே அந்தப் பெண்ணின் பொய் தெரிந்துவிடும். 2018இல் வந்த கொரியப் படம் ‘கோன்ஜியாம்’ இன்னும் நமக்குப் பக்கத்தில் வருகிறது. பாழடைந்த மனநல மருத்துவமனையிலிருந்து நேரலை செய்கிற ஒரு கூட்டம், பார்வையாளர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட வேண்டும் என்று தவிக்கும். உள்ளே ஆட்கள் அலற அலற, வெளியே கூடாரத்தில் இருப்பவனின் கண் அந்த எண்ணை விட்டு நகராது.

இந்தத் தவிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யூடியூப் சேனல் வைத்திருக்கும் ஒருவர், உசிலம்பட்டி ரோட்டுப் பக்கம் மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலையில் ராத்திரி எடுத்த வீடியோவைக் கொண்டுவந்தார். உள்ளே வௌவாலைத் தவிர ஒன்றும் இல்லை. மாடிப்படியில் வெள்ளையாக ஒரு நிழல் வைத்துக்கொடுங்கள், தனியாகப் பணம் தருகிறேன் என்றார். அந்த ஆலையில் ஒரு மரணம் நடந்திருக்கிறது. அந்தக் குடும்பம் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. முடியாது என்று அனுப்பிவிட்டேன். வேறு யாரோ வைத்துக்கொடுத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி அது எனக்கே வந்தது. அப்புறம் ராத்திரியானால் பையன்கள் பைக்கில் வந்து அந்த வீட்டு வாசலில் டார்ச் அடித்தார்களாம். ஜெம்மாவின் பொய்யைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது.

‘ஹோஸ்ட்’டிலும் குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் படம் அவசரப்படுகிறது. அதுவரை மூலையில் ஒளிந்திருந்தது முன்னால் வந்து ஆட்களைத் தூக்கி எறிய ஆரம்பித்ததும், எனக்குப் பயம் குறைந்து சத்தம்தான் மிஞ்சியது. உயிருக்கு ஓடும்போதும் ஏன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டே ஓடுகிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. இருட்டில் திரை வெளிச்சமாவது வேண்டும் என்று பாதிக்குப் பதில் சொல்லலாம். மீதிக்குப் பதில் இல்லை. இலவச அழைப்பின் நேரம் முடியப்போகிறது என்ற எச்சரிக்கையை வைத்தே பதற்றம் கூட்டியது மட்டும் அருமை. ஊரடங்கில் சூமில் சொந்தக்காரர் கல்யாணம் பார்த்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை அத்துப்படி.

டிவியில் பார்க்காதீர்கள். லேப்டாப்பில், முழுத்திரையில், விளக்கை அணைத்து, ஹெட்போனோடு பாருங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்ததும் உடனே மூடிவிடவும் கூடாது. படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களை சூம் அழைப்பில் சேர்ந்திருப்பவர்களின் பட்டியலாகவே ஓடவிட்டிருக்கிறார்கள். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா காபியோடு மாடிக்கு வந்தது. ஓடுகிற பட்டியலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இன்னும் இம்புட்டுப் பேரா அதுக்குள்ள இருக்காக?” என்று கேட்டது. தம்பி எழுந்துபோய் விளக்கைப் போட்டான்.