டயலில் ஈரப்பதம், உள்ளே தெர்மோஸ்டாட்: என் அரை மாதச் சம்பளம் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். ஹியூமிடிஸ்டாட், அதாவது காற்றின் ஈரப்பதத்தைப் பார்த்து மெஷினைத் தானாகப் போட்டு நிறுத்தும் சுவிட்ச், வாங்க நினைப்பவர்கள், அதுவும் குமிழைத் திருப்பி ஈரப்பதத்தை அமைக்கும் பழைய மெக்கானிக்கல் வகையை வாங்க நினைப்பவர்கள், இதை முழுக்கப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். என்னிடமிருந்து போனது அரை மாதச் சம்பளம். கூடவே போன லென்ஸ்களையும் புத்தகங்களையும் அதில் சேர்க்கவில்லை.

ஒரு சின்ன அறையில் பழைய புத்தகங்களும் கேமரா லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இரண்டுக்கும் நல்லது. 65, 70 என்று ஏறி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அறையில் ஒரு பழைய டீஹியூமிடிஃபயர், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் மெஷின், இருக்கிறது. நல்ல மெஷின், ஆனால் அதற்குத் தானாக நிற்கத் தெரியாது, போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தேவைப்படும்போது மட்டும் ஓடவிட வெளியே ஒரு கட்டுப்பாட்டுச் சுவிட்ச் வேண்டும். எலக்ட்ரானிக் வகை மலிவுதான். ஆனால் என் கையில் இருந்த ஒன்று கரண்ட் போய் வரும்போதெல்லாம் வைத்த அளவை மறந்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்கும். மெக்கானிக்கலில் அந்தத் தொல்லை கிடையாது. குமிழை எங்கே விட்டோமோ அங்கேயே இருக்கும், பேட்டரி வேண்டாம், வேலை செய்யும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வேறு கேட்கும். அந்த டிக்குக்கு ஆசைப்பட்டுத்தான் மாட்டிக்கொண்டேன்.

உண்மையான மெக்கானிக்கல் ஹியூமிடிஸ்டாட் அழகான பொருள், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய மனித முடிக் கற்றையோ, நைலான் போன்ற செயற்கை நாடாவோ இருக்கும். ஈரம் ஏறினால் அது நீளும், காய்ந்தால் சுருங்கும். முற்றிலும் உலர்ந்த காற்றிலிருந்து முழு ஈரம் வரை போனால் முடி சுமார் இரண்டு, இரண்டரை சதவீதம்தான் நீளும். அந்தத் துளி அசைவை ஒரு நெம்புகோல் வாங்கி மைக்ரோசுவிட்சைத் தட்டும். நாம் குமிழைத் திருப்பும்போது ஸ்பிரிங்கின் இழுவை மாறும், எந்த ஈரப்பதத்தில் தட்ட வேண்டும் என்பதும் அதோடு மாறும். முடியை வைத்து ஈரப்பதம் அளப்பதை 1783லேயே ஜெனீவாக்காரர் சோசூர் என்ற விஞ்ஞானி செய்து காட்டிவிட்டார். இருநூறு வருஷத்துக்கும் மேல் பழகிய சங்கதி, இதில் என்ன ஏமாற்ற முடியும் என்றுதான் நினைத்தேன்.

வாங்கிய இடம், புதுசு பழசு எல்லாம் விற்கும் ஓர் இணையச் சந்தை. விற்றவர் அதில் கடை போட்டிருக்கும் மூன்றாம் ஆள். "தொழிற்சாலையில் மிஞ்சிய சரக்கு, பயன்படுத்தாதது, அசல் முடி சென்சார்" என்று போட்டிருந்தார். உடனே வாங்கிவிடவில்லை, நான் அவ்வளவு ஏமாளி இல்லை என்று அப்போது ஒரு நினைப்பு. மூன்று நாள் அரட்டையில் கேள்வி கேட்டேன். ஆன் ஆவதற்கும் ஆஃப் ஆவதற்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்றேன், நாலைந்து சதவீதம் என்றார், சரியான பதில். டீஹியூமிடிஃபயரின் கம்ப்ரஸரை நேரடியாக இதில் கொடுக்கலாமா என்றேன், "வேண்டாம் சார், ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் அதிகம் இழுக்கும், நடுவில் ஒரு காண்டாக்டர் போடுங்க" என்றார், அதிக கரண்டைத் தாங்கும் சுவிட்ச் அது. அதுவும் சரி. இப்படி நல்ல புத்தி சொல்கிறவன் ஏமாற்றுவானா என்று தோன்றியது பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

டயலில் எண்கள் தலைகீழாக இருந்தன. வலப்பக்கம் திருப்பத் திருப்ப 90, 80, 70 என்று இறங்கி 30ல் முடிந்தது. எண்களுக்கு நடுவே இடைவெளியும் ஒரே சீராக இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். "முடி எல்லா இடத்திலும் ஒரே அளவு நீளாது சார், ஈரம் குறைவா இருக்கிறப்போ கொஞ்சம் ஏறினாலே அதிகமா நீளும், அதனால டயல் அப்படி" என்றார். முடி அப்படி நீள்வது உண்மை! அந்த உண்மையை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். தலைகீழ் விஷயத்தை நான் அப்புறம் கேட்கவே மறந்துவிட்டேன்.

கடைசியாக ஒரு வீடியோ அனுப்பினார். ஈரத் துணியை அந்தப் பெட்டியின் மேல் சுற்றுகிறார், அரை நிமிஷம், டிக். துணியை எடுத்துவிட்டு டேபிள் மேல் வைக்கிறார், கொஞ்ச நேரத்தில் மறுபடி டிக். நான் அதை ஐந்தாறு தடவை ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரியே அரை மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன்.

வந்தது, எலெக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் காண்டாக்டரோடு மாட்டிக் கொடுத்தார், 50ல் வைத்தேன். வேலை செய்தது! ராத்திரி அறை குளிர்ந்ததும் டிக், டீஹியூமிடிஃபயர் ஓடியது. பகலில் டிக், நின்றது. பக்கத்தில் இருந்த சின்ன டிஜிட்டல் மீட்டரும் ராத்திரி ஈரப்பதம் ஏறுவதையும் பகலில் இறங்குவதையும் காட்டியது. ஒரு வாரம் இப்படியே போனது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன், படத்தோடு விமர்சனமும் எழுதினேன். அந்த விமர்சனத்தைப் படித்து வேறு யாராவது வாங்கியிருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள், இன்று காலை அதை மாற்றி எழுதிவிட்டேன்.

அப்புறம் பன்னிரண்டு நாள் வெளியூர். அந்த நாட்களில் இங்கே ஒரே புழுக்கம். பகலும் ராத்திரியும் ஒரே சூடு, மேகம் மூடியபடி. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய அந்த வாடை, புத்தகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மீட்டரில் 84. டீஹியூமிடிஃபயர் சும்மா நிற்கிறது, தண்ணீர்த் தொட்டி நான் போகும்போது காலி செய்து வைத்த மாதிரியே காலி. துணி பைண்டிங் போட்ட புத்தகங்களின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. இரண்டு லென்ஸில் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது, அதில் ஒன்று முன்பே ஆரம்பித்திருக்கலாம், நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் மற்றது சுத்தமாக இருந்த லென்ஸ்.

உடனே விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில்: "சென்சார் செட் ஆக இரண்டு மூன்று வாரம் ஆகும் சார்." சரி, ரொம்ப நாள் உலர்ந்து கிடந்த முடியை ஈரத்தில் வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது உண்டு, ஆனால் அதற்கு ஈரத் துணி சுற்றிச் சில மணி நேரம் போதும், வாரக்கணக்கு எங்கிருந்து வந்தது? இரண்டாவது பதில்: "உங்க மீட்டர் தப்பு." மூன்றாவது: "வயரிங் தப்பு." நான்காவதாக அவர் சொன்னதுதான் உச்சம்: "ஈரத் துணி டெஸ்ட் பண்ணிப் பாருங்க." பண்ணினேன். அரை நிமிஷத்தில் டிக். "பாத்தீங்களா சார், பொருள் நல்லாத்தான் இருக்கு" என்று கும்பிடும் கைகளைப் போட்டு முடித்துக்கொண்டார். நானும் ஒரு நாள் முழுக்க என் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன், வெட்கக்கேடு.

அடுத்த நாள் ராத்திரி கொஞ்சம் குளிர்ந்தது, டிக் என்று மெஷின் ஓட ஆரம்பித்தது. ஏதோ தோன்றி, பெட்டியின் ஓட்டைகளில் வாய் வைத்து மெதுவாக ஊதினேன். நம் மூச்சு சூடும் ஈரமும் நிறைந்தது. ஈரத்தைப் பார்க்கும் கருவி என்றால், ஓடுகிற மெஷின் இன்னும் உறுதியாக ஓட வேண்டும். டிக், நின்றுவிட்டது. மறுபடி ஆன் ஆகும்வரை காத்திருந்து மறுபடி ஊதினேன். நின்றுவிட்டது. வயிற்றில் ஏதோ பிசைந்தது.

கரண்டை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். முடியும் இல்லை, நாடாவும் இல்லை. சுருட்டி வைத்த ஒரு உலோகப் பட்டை, பைமெட்டல். இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை, சூடு மாறினால் வளையும், ஈரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் சாதாரண தெர்மோஸ்டாட் அது. டயல் மேல் இருந்த எண்கள் ஸ்டிக்கர், நகத்தால் கீறியதும் உரிந்து வந்தது, அடியில் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த எண்கள் 10, 15, 20, 25, 30. என் 50 சதவீதத்துக்கு நேர் கீழே 26 டிகிரி. ஹீட்டருக்கான தெர்மோஸ்டாட்டில் குமிழை ஏற்றினால்தான் அடிக்கடி ஆன் ஆகும், ஈரப்பதத்துக்கு எண்ணை இறக்கினால்தான் அடிக்கடி ஆன் ஆகும், அதனால்தான் எண்களைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் பாருங்கள்.

முதல் வாரம் அது "வேலை செய்தது" எப்படி என்றும் அப்போதுதான் புரிந்தது. காற்றில் உள்ள நீர் அப்படியே இருந்தாலும் குளிர்ந்தால் ஈரப்பத சதவீதம் ஏறும். 28 டிகிரியில் 60 சதவீதம் இருக்கும் காற்றை மூடிய அறையில் 25க்கு இறக்கினால் 70ஐத் தாண்டிவிடும். ராத்திரி குளிர்ந்தது, தெர்மோஸ்டாட் ஆன் ஆனது, அதே நேரம் மீட்டரிலும் ஈரப்பதம் ஏறியது. இரண்டும் சேர்ந்து என் கண்ணைக் கட்டிவிட்டன. புழுக்கத்தில் சூடு 27க்குக் கீழே இறங்கவே இல்லை, ஈரம் 80ஐத் தாண்டியும் அது வாயைத் திறக்கவில்லை. ஈரத் துணியும் அதே கதைதான். ஈரத் துணி காற்றுப்பட்டால் குளிரும், அந்தக் குளிர்ச்சிக்குத்தான் டிக். வீடியோவில் காட்டிய அதே டிக், நான் ஐந்தாறு தடவை பார்த்து மயங்கிய டிக்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்வோம் என்று, சாப்பாட்டு உப்பைச் சேறு மாதிரி ஈரமாக்கி, மூடிய டப்பாவில் இதையும் மீட்டரையும் எட்டு மணி நேரம் வைத்தேன். உப்புச் சேறு மூடிய டப்பாவுக்குள் காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும், சாதாரண அறைச் சூட்டில் இது பெரிதாக மாறாது. மீட்டர் 74 என்றது. கருவி 50ல் வைத்தபடி, அசையவில்லை. அப்புறம் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். காய்ந்த காற்றில், குளிரில், டிக். எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன்.

அனுப்பினேன். விற்றவர்: "மூடியைத் திறந்துட்டீங்க சார், வாரண்டி போச்சு." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "வெப்பமும் ஈரமும் சம்பந்தப்பட்டதுதானே சார்." இதைப் படித்துவிட்டு நான் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். இணையச் சந்தையின் உதவிப் பிரிவோ, திருப்பிக் கொடுக்கும் பத்து நாள் முடிந்துவிட்டது என்றது. போலி என்று தெரிவதற்கே அதற்கு மேல் ஆனதே என்றேன். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." வேறொருவர் வந்து முதலிலிருந்து எல்லாம் கேட்டார், மறுபடி வருந்தினார். மூன்றாமவர், ஐந்து நட்சத்திரம் நீங்களே கொடுத்திருக்கிறீர்களே என்று எடுத்துக் காட்டினார். நேற்று மாலை "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. யாருக்குத் தீர்ந்தது? என் அரை மாதச் சம்பளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, அவசரமாகச் சிலது மட்டும். மூடி திறந்த படம் கேளுங்கள், உள்ளே முடியோ நாடாவோ தெரிய வேண்டும், சுருள் உலோகத்தைப் பார்த்தால் ஓடிவிடுங்கள். டயல் எண் ஸ்டிக்கரா என்று பாருங்கள். ஈரத் துணி வீடியோவை நம்பாதீர்கள், பொருள் வந்த அன்றே உப்பு டப்பா சோதனை செய்யுங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள். ஊதிப் பார்க்கலாம், டீஹியூமிடிஃபயருக்கான இணைப்பில் ஊதினதும் ஆஃப் ஆனால் அது தெர்மோஸ்டாட். நட்சத்திரம் ஒரு மாதம் கழித்துக் கொடுங்கள்.

புகாரை மறுபடி திறக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், அரை மாதச் சம்பளம் என்றால் சும்மா விடுவதாக இல்லை. இப்போதைக்கு மெஷினை நானே கையால் போட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறேன், மீட்டரில் 61. இன்னும் ஒரு அலமாரி புத்தகம் புரட்டிப் பார்க்கக் கிடக்கிறது, போகிறேன்.