மணிக்கூடும் நாடியும்: நான்கு வகை இறுக்குப்பட்டிகளுடன் ஐந்து ஆண்டுகள்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் நான் முதலுதவி வகுப்பு எடுக்கத் தொடங்கியது 2019 இன் இறுதியில். அதற்கு முன்னர் முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் அணியொன்றில் மருத்துவ உதவியாளராக வேலை செய்தேன். அந்நாட்களில் இடுப்புப் பையில் எப்போதும் இரண்டு ரூர்னிக்கெற்றுகள் இருக்கும். கை காலில் நாடிக் குழாய் அறுந்து குருதி பீறிடும்போது, காயத்துக்கு மேலே கட்டி இறுக்கி ஓட்டத்தை நிறுத்தும் பட்டிகள் அவை. வகுப்பில் அவற்றை இறுக்குப்பட்டி என்றே சொல்லி வருகிறேன். எல்லா வெட்டுக்காயத்துக்கும் இது தேவைப்படாது. பெரும்பாலானவை துணியை வைத்து உடல் பாரத்தோடு அமத்திப் பிடித்தாலே நின்றுவிடும். அப்படி நிற்காதவற்றுக்கு நான் கையாண்ட நான்கு வகைப் பட்டிகளையும், அவற்றைச் சாதாரண மனிதர்கள் எவ்வளவு விரைவாக, எவ்வளவு சரியாகக் கட்டுகிறார்கள் என்பதில் நான் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

என் அளவுகோல் எளிமையானது. "கட்டுங்கோ" என்று சொன்னதிலிருந்து "முடிந்தது" என்று கட்டுபவர் சொல்லும் வரை மணிக்கூடு ஓடும். அதன் பிறகு, கையில் கட்டியிருந்தால் மணிக்கட்டிலும், காலில் கட்டியிருந்தால் உட்புறக் கணுக்காலின் பின்னாலும் நாடியைத் தொட்டுப் பார்ப்பேன். நாடி துடித்தால் அந்தக் கட்டு தவறு. மணிக்கூடு என்ன காட்டினாலும் அந்தத் தீர்ப்பு மாறாது.

இந்த இரண்டாவது சோதனையை முதலாண்டில் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். நானும் விநாடிகளைக் கரும்பலகையில் எழுதி உற்சாகப்படுத்தினேன். ஒரு நாள் முதலாவதாக வந்த மாணவனின் கட்டுக்குக் கீழே தற்செயலாகக் கை வைத்தபோது, நாடி ஒன்றும் நடவாதது போலத் துடித்துக்கொண்டிருந்தது. அரைகுறையாக இறுக்கிய பட்டி, கட்டாமல் விட்டதைவிடக் கெடுதலானது. குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்கள் சிறிய அழுத்தத்திலேயே அடைபட்டுவிடும்; இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும் நாடிக் குழாயோ திறந்தபடியே இருக்கும். ஆகவே உள்ளே வரும் குருதி வந்துகொண்டிருக்க, திரும்பிப் போகும் வழி மட்டும் அடைபட்டு, காயத்திலிருந்து முன்னரைவிடக் கூடுதலாக வடியும். அன்றிலிருந்து கரும்பலகையில் விநாடிக்குப் பக்கத்தில் நாடிக்கும் ஒரு கட்டம் போட்டேன். வேகத்தில் முதலிடம் பிடித்தவர்களில் பலர் அந்தக் கட்டத்தில் விழுந்தார்கள்.

வேகம் தேவையில்லை என்று இதனால் சொல்ல வரவில்லை. பக்தாத்திலிருந்த அமெரிக்க இராணுவ வைத்தியசாலையில் செய்யப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், குருதியிழப்பால் அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்னர் பட்டி கட்டப்பட்டவர்களில் 90 வீதமானோர் பிழைத்தார்கள். அந்த நிலைக்குப் போன பின்னர் கட்டப்பட்டவர்களில் 10 வீதமானோரே பிழைத்தார்கள். ஆனால் அந்த வேகம் காயத்தைக் கண்டவுடன் கட்ட முடிவெடுப்பதில் இருக்க வேண்டியது. பட்டி தோலைத் தொட்ட பின்னர் மிச்சம் பிடிக்கும் ஐந்து விநாடி ஒருவரையும் காப்பாற்றுவதில்லை.

நான் அதிகம் பாவித்தது சி.ஏ.ரி. எனப்படும் வகை, அதில் ஏழாம் தலைமுறை. ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலமான பட்டியும், அதை முறுக்குவதற்கு ஒரு கோலும், முறுக்கிய கோலைத் தடுத்து வைக்க ஒரு கவ்வியும், நேரம் எழுத வெள்ளை நாடாவும் கொண்டது. இதில் எல்லோரும் கவனமாகச் செய்வது கோலைச் சுழற்றுவதை. எல்லோரும் தவறவிடுவது அதற்கு முந்திய படியை. பட்டியைச் சுற்றி வெல்குறோவை ஒட்டுவதற்கு முன்னர், தொய்வு முழுவதையும் கையாலேயே இழுத்து எடுத்துவிட வேண்டும். மூன்று விரல் நுனிகளைப் பட்டிக்கு அடியில் நுழைக்க முடியாத அளவுக்கு இழுத்தவருக்குக் கோலை மூன்று அரைச்சுற்றுச் சுழற்றினாலே பெரும்பாலும் நாடி நின்றுவிடும். தொய்வை விட்டவர் ஆறு, ஏழு முறை சுழற்றுவார், பட்டி கயிறு போல முறுகி ஒரு பக்கம் குவியும், கோல் கவ்விக்குள் போக மறுக்கும், நாடியோ நிற்காது. வகுப்புகளில் நான் கண்ட தவறுகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரே இடத்தில் நடந்தவை என்று தயங்காமல் சொல்வேன்.

இந்தத் தொய்வுக்கு எங்கள் ஊருக்கென்றே ஒரு காரணமும் உண்டு. ஆண்கள் வேலை செய்யும்போது சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார்கள். தொடையின் மேற்பகுதியில் அந்த மடிப்பு நான்கைந்து அடுக்காகத் தடித்து நிற்கும். அதற்கு மேலே பட்டியைப் போட்டால், இறுகுவது துணிதான், தொடை அல்ல. காற்சட்டைப் பையில் கைத்தொலைபேசியோ திறப்புக்கோர்வையோ இருந்தாலும் இதே கதைதான். ஆகவே மடிப்பை விலக்கிக் கட்டப் பழகட்டும் என்று, தொடையில் கட்டும் பயிற்சிக்கு ஆட்களைச் சாரத்தோடேயே படுக்க வைக்கிறேன்.

மற்றொன்று இரக்கம். சரியாக இறுக்கிய பட்டி கடுமையாக நோகும். "அக்கா, விறைக்குது, இனிச் சுத்தாதேங்கோ" என்று படுத்திருப்பவர் முனகியவுடன் கட்டுபவரின் கை தளர்ந்துவிடுகிறது. நல்லூருக்கு அருகே நடந்த வகுப்பொன்றில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இரண்டு முறை இடையிலேயே விட்டுவிட்டார். மூன்றாம் முறை, "நொந்தால்தான் தம்பி உயிரோடை இருப்பாய்" என்று அதட்டிக்கொண்டே சுழற்றி முடித்தார். நாடி நின்றிருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவருடைய அந்த அதட்டல்தான் வகுப்புக்கு விளங்கியது.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 இல் இணைய விற்பனையாளர் ஒருவரிடம் மலிவாகக் கிடைத்ததென்று ஆறு பட்டிகள் எடுப்பித்தேன். பார்வைக்கு அசல் போலவே இருந்தன. முதல் வகுப்பிலேயே ஒன்றின் கோல் வாழைத்தண்டு போல வளைந்தது; இன்னொன்றின் கவ்வி கழன்று தெறித்தது. அவற்றை வெட்டிக் குப்பையில் போட்டேன். பயிற்சிக்காவது வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வளையும் கோலில் பழகிய கை போதிய அளவு இறுக்கப் பயப்படும் என்பதால் அதற்கும் நான் உடன்படவில்லை.

சொஃப்ற்-ரி வைட் என்பதும் முறுக்குக்கோல் வகைதான். கோல் உலோகத்தாலானது, வெல்குறோ இல்லை. பட்டியைக் கழற்றிக் கொளுவும் கொக்கி இதன் சிறப்பு. மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கால் அகப்பட்டவருக்குப் பாதத்தின் வழியாக வளையத்தை ஏற்ற முடியாதபோது இது நன்றாக உதவும். முதன்முறை தொடுபவர்கள் கொக்கியோடு கொஞ்ச நேரம் தடுமாறுவார்கள். மணல், செம்மண் தூசி ஆகியவற்றை இது சி.ஏ.ரி.யைவிட நன்றாகத் தாங்கியது.

மீள்தன்மையுள்ள இரண்டு வகைகளையும் நீண்ட நாட்கள் பயன்படுத்தினேன். ராற்ஸ் என்பது அரை அங்குல அகலமான றப்பர் நாடா. பக்கம் பக்கமாகப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். அவசரத்தில் எல்லோரும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிவிடுகிறார்கள். ஒடுங்கிய பட்டியால் நாடியை அடைக்கக் கூடுதலான அழுத்தம் தேவை என்பதால் அந்தத் தவறு இதில் மன்னிக்கப்படுவதில்லை. சுவாற்-ரி அதற்கு எதிர்மாறு: நான்கு அங்குல அகலமான இழுவைப் பட்டை. அதன்மேல் அச்சிட்ட நீள்வட்டங்கள் வட்டமாகவும், வைர வடிவங்கள் சதுரமாகவும் மாறும்வரை இழுத்துச் சுற்ற வேண்டும். அழகான யோசனைதான். இருந்தும் வியர்வையோ குருதியோ பட்ட கைக்கு அது வழுக்கும். தன் ஒரு கையில் காயம் பட்டவர் மறு கையால் அதைச் சுற்றுவதை நான் ஒருமுறையும் சரியாகக் காணவில்லை. மெலிந்த கையுள்ள சிறு பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் ஒன்றை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.

போர்க்காலத்தில் வாழ்ந்தவர்கள் துணியும் தடியும் போதுமே என்பார்கள். அவர்கள் கண்டதை நான் மறுப்பதில்லை. 2013 இல் பொஸ்ரன் மரதன் குண்டுவெடிப்பில் காயமடைந்தவர்களுக்குக் கட்டிய 27 பட்டிகளும் கையில் அகப்பட்டதைக் கொண்டு கட்டியவையே. ஆனால் தடியின்றித் துணியை மட்டும் முடிச்சுப் போட்டவர்களில் நாடி நின்ற ஒருவரைக்கூட என் வகுப்பில் காணவில்லை. தடி வைத்தவர்களுக்கும் அது கழலாமல் பிடித்து வைப்பது பெரும்பாடாக இருந்தது. இதில் எல்லோரையும்விடத் திறமாகச் செய்தவர் கள்ளுச் சீவும் தொழிலாளி ஒருவர். முடிச்சும் முறுக்கும் அவருடைய கைக்குத் தினசரி வேலை.

நான்கு வகைகளையும் ஒரே நாளில் கற்பித்ததுதான் என் பெரிய பிழை. கட்டும் முறைகள் ஒன்றோடொன்று கலந்து, ராற்ஸைச் சுற்றிவிட்டு முறுக்குக்கோலைத் தேடியவர்களைக் கண்டிருக்கிறேன். 2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சி.ஏ.ரி.யில் பயிற்றப்பட்ட பொதுமக்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அதைச் சரியாகக் கட்டினார்கள். அதே ஆட்களிடம் பழகாத வேறு வகைகளைக் கொடுத்தபோது வெற்றி வெகுவாகக் குறைந்தது. அதை வாசித்த பின்னர் ஒரே வகையோடு நின்றுகொண்டேன்.

மறதி மற்றச் சங்கதி. 2020 ஆரம்பத்தில் பழக்கிய குழுவொன்றைக் கொரோனா முடக்கங்களால் ஓராண்டுக்கும் மேலாக நான் காணவில்லை. திரும்பக் கூடியபோது கோலைச் சுழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. தொய்வை எடுப்பது ஏறக்குறைய ஒருவருக்கும் நினைவில்லை. 2018 இல் வெளியான இன்னொரு ஆய்வில், வகுப்பு முடிந்த கையோடு 88 வீதமானோர் சரியாகக் கட்டினார்கள். மூன்று முதல் ஒன்பது மாதங்களின் பின்னர் அது 55 வீதத்துக்கு இறங்கியிருந்தது. இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிட மீள்பயிற்சி வைக்கிறேன். அதில் தொய்வு ஒன்றை மட்டுமே பார்ப்பேன்.

என்னிடம் பழகிய ஒருவர் உண்மையாகவே பட்டி கட்டியது, நான் அறிய, ஒரே முறை. வெல்டிங் பட்டறையில் கிறைண்டர் தட்டு உடைந்து ஒருவரின் தொடையைக் கிழித்தது. பழகிய பையன் கட்டினான்; வடிதல் குறைந்தது, நிற்கவில்லை. முதற்பட்டியைக் கழற்றாமல், அதற்கு மேலே ஒட்டினாற்போல இரண்டாவதைக் கட்டி இறுக்கியபோது நின்றது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. கால் தப்பியது. எவ்வளவு நேரத்தில் கட்டினாய் என்று பிறகு கேட்டேன். "தெரியாது அண்ணை, கணுக்காலைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தனான்" என்றான்.

ஒரு குறை மட்டும் அன்று இருந்தது: கட்டிய நேரத்தை எழுதப் பேனை இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலை சேர்ந்தால் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை என்பதால் நகரத்தில் இது பிழைத்துப் போகும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வருவதற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். அங்கிருந்து வரும் நோயாளியின் பட்டி எப்போது கட்டப்பட்டதென்று சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர் அறிந்தே ஆக வேண்டும். இப்போது பயிற்சிப் பட்டிகளையும் உண்மைத் தேவைக்கானவற்றையும் வேறு வேறு பெட்டியில் வைக்கிறேன், ஏனெனில் திரும்பத் திரும்ப முறுக்கிய பட்டியும் வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக்கும் நம்பத் தக்கவையல்ல. உண்மைத் தேவைக்கான ஒவ்வொரு பட்டியிலும் அழியாத மைப் பேனை ஒன்றை நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.