சிக்னல் வந்தாச்சு, நெட் வரலை: ஒரு பாக்கெட் ரவுட்டரோடு மூன்று வருடம்

முதல் ஆறு மாதம் இந்த ரவுட்டரைப் பற்றி யார் கேட்டிருந்தாலும் புகழ்ந்துதான் சொல்லியிருப்பேன். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, ஒரு சிம், ஒரு பேட்டரி, முன்பக்கம் சின்னத் திரை. லேப்டாப், இரண்டு போன், ஒரு டேப்லெட் எல்லாம் இதிலேயே ஓடின. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாகும். குறை என்றால் அது ஒன்றுதான்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. சிக்னல் போவது எந்தக் கருவிக்கும் உள்ளதுதான். போன சிக்னல் திரும்பியும் வரும். திரையில் நான்கு கோடு நிற்கும், 4ஜி என்ற எழுத்தும் இருக்கும். நெட் மட்டும் வராது. போனில் வைஃபை குறிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி முறைத்துக்கொண்டிருக்கும். ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். நான் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. ரவுட்டரை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போன நாட்களில் தங்கையிடமிருந்து போன் வரும்.

"அண்ணா, மறுபடியும் நெட் போச்சு. அந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தணும்?"

"லைட் அணையற வரைக்கும்மா. விட்டுடாதே, அமுக்கிப் பிடி."

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. நண்பர்களிடம் இருந்த வேறு இரண்டு பெட்டிகளிலும் இதே குணத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு கம்பெனியைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் நான் செய்த முட்டாள்தனங்களைச் சொல்லிவிடுகிறேன். சிம்மை மாற்றினேன். ரவுட்டரை ஜன்னலோரம் வைத்தேன். பின்னால் அலுமினியத் தாள் ஒட்டினேன். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்றார்கள். அதைத்தானே தினமும் செய்துகொண்டிருக்கிறேன்! கடைசியில் ஃபேக்டரி ரீசெட் செய்தேன். அது ஏபிஎன் பெயரையும் (சிம் கம்பெனியின் நெட்டில் சேர ரவுட்டருக்குத் தேவைப்படும் பெயர்) சேர்த்து அழித்துவிட்டது. அதைக் கண்டுபிடித்துத் திரும்பப் போடுவதற்குள் அரை நாள் போயிற்று. ரீசெட் செய்கிறவர்கள் ஏபிஎன் பக்கத்தை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம் வைத்ததில் வேகம் கூடியது உண்மைதான். ஆனால் நோய் அது இல்லை. சிக்னல் பலவீனமாக இருப்பது ஒரு கதை, சிக்னல் வந்த பிறகும் இணைப்பு எழுந்து நிற்காதது வேறொரு கதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பல மாதங்களை வீணாக்கினேன்.

உருப்படியாகச் செய்த முதல் வேலை, ஒரு நோட்டில் குறித்து வைத்ததுதான். சிக்னல் எப்போது போனது, எப்போது வந்தது, நெட் தானாக வந்ததா இல்லையா, இவ்வளவுதான் குறிப்பு. மூன்று வாரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ரயிலில் சுரங்கப் பாதைக்குள் போய் இரண்டு மூன்று நிமிடம் சிக்னல் போனால், வெளியே வந்ததும் நெட் தானாக வந்துவிடுகிறது. நான் வேலை செய்யும் இடம் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கிறது. பையோடு ரவுட்டரும் உள்ளே வந்து நாலைந்து மணி நேரம் டவரே இல்லாமல் கிடந்துவிட்டு மேலே வந்தால், பெரும்பாலும் நெட் வருவதில்லை. இரவில் டவரில் பராமரிப்பு வேலை நடந்த மறுநாள் காலையிலும் அதே கதைதான். அதாவது சிக்னல் போனது பிரச்சினை இல்லை, எவ்வளவு நேரம் போயிருந்தது என்பதுதான் பிரச்சினை.

இதற்குக் காரணம் 4ஜி வேலை செய்கிற முறையிலேயே இருக்கிறது. நம் கருவி சும்மா இருக்கும்போதும் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று நெட்வொர்க்குக்கு அவ்வப்போது தகவல் சொல்ல வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை நெட்வொர்க் மாற்றிக்கொள்ளலாம். தரநிலையில் உள்ள இயல்பு அளவு 54 நிமிடம். அந்தக் கெடுவும் தாண்டித் தகவல் வராவிட்டால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நெட்வொர்க் அந்தக் கருவியின் பதிவை நீக்கிவிடும். அதற்குக் கொடுத்திருந்த ஐபி முகவரியும், அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணும், போய்விடும். இரண்டு நிமிடச் சுரங்கத்தில் இது எதுவும் நடக்காது. நாலு மணி நேரம் கீழ்த்தளத்தில் கிடந்தால் நடந்துவிடும். மேலே வந்ததும் கருவி புதிதாகப் பதிவு செய்துகொண்டு புது முகவரி வாங்க வேண்டும்.

வாங்கத்தான் செய்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். ரவுட்டர் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே ஓட்டுக்குள் குடியிருக்கும் இரண்டு பேர். டவரோடு பேசுகிற மோடம் ஒருவர். வைஃபை கொடுத்து நம் போன்களோடு பேசுகிறவர் இன்னொருவர். மோடத்துக்குப் புது முகவரி கிடைத்த செய்தி இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் பாட்டுக்குப் பழைய முகவரியைப் போட்டுத் தபால் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற அண்ணன் தம்பி மாதிரி.

ஊகம் என்று நினைக்காதீர்கள், கண்ணால் பார்த்தேன். நெட் வராத ஒரு மாலையில் ரவுட்டரை அணைக்காமல், லேப்டாப்பில் 192.168.0.1 என்று அடித்து, ரவுட்டரின் செட்டிங்ஸ் இருக்கும் அட்மின் பக்கத்தைத் திறந்தேன். (சிலவற்றில் இது 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும். பெரும்பாலும் பின்பக்க ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள்.) நிலை: "இணைக்கப்பட்டது". ஐபி: காலையில் நோட்டில் எழுதி வைத்திருந்த அதே எண். அதற்குக் கீழே அனுப்பியது, பெற்றது என்று இரண்டு கணக்கு. அனுப்பியது மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. பெற்றது அசையவே இல்லை. ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ரவுட்டரைத் தொடாமல், அதே பக்கத்தில் மொபைல் டேட்டாவை மட்டும் நிறுத்தி மறுபடி போட்டேன். பத்து விநாடியில் புது ஐபி வந்தது, பெற்றது என்ற கணக்கும் ஓட ஆரம்பித்தது.

அன்றிலிருந்து ரவுட்டரை அணைத்துப் போடுவதை விட்டுவிட்டேன். டேட்டாவை மட்டும் நிறுத்திப் போட்டால் போதும். வைஃபை அறுவதில்லை, வீட்டில் யாரும் சத்தம் போடுவதும் இல்லை.

நெட் வராவிட்டால் எங்கே அறுந்திருக்கிறது என்று நான் பார்க்கிற வழி இதுதான். அட்மின் பக்கமே திறக்கவில்லையா? கோளாறு வைஃபையில், டவரைக் குறை சொல்லாதீர்கள். பக்கம் திறக்கிறது, ஆனால் 8.8.8.8-க்கு (இணையத்தில் உள்ள கூகுளின் முகவரி ஒன்று) பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி, போகவில்லையா? மோடம் பக்கம்தான் சிக்கல். பிங் போகிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். இது எதுவும் இல்லாமல் ஒரு போனில் மட்டும் வரவில்லை என்றால், நெட் இல்லாத நேரத்தில் அந்தப் போன் தானாகத் தன் சொந்த டேட்டாவுக்குத் தாவிவிட்டு வைஃபைக்குத் திரும்பாமல் இருக்கலாம். என் போன் இப்படி என்னை இரண்டு முறை ஏமாற்றியிருக்கிறது.

இன்னொரு புதிர் கொஞ்ச நாள் வாட்டியது. சில சமயம் எதுவும் செய்யாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து நெட் தானாக வரும். மந்திரம் எதுவும் இல்லை. டவரில் பதிவு செய்யும் முயற்சி அடுத்தடுத்து 5 முறை தோற்றால், 4ஜி கருவி ஒரு டைமரை ஓடவிட்டுவிட்டு ஓய்வெடுக்கும். நெட்வொர்க் வேறு அளவு சொல்லாதவரை அது 12 நிமிடம். சிக்னல் விளிம்பில், வந்தும் வராமலும் இருக்கிற இடத்தில் ஐந்து முயற்சியும் மளமளவென்று தோற்றுவிடும். பிறகு நல்ல சிக்னல் உள்ள இடத்துக்கு வந்தாலும் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும். பொறுமை இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் டேட்டாவை நிறுத்திப் போடலாம், அதற்கும் மசியாவிட்டால் ரவுட்டரையே அணைத்துப் போட வேண்டியதுதான்.

செட்டிங்ஸில் நான் மாற்றியவை அதிகம் இல்லை. இணைப்பு முறை "தேவைப்படும்போது" என்று இருந்ததை "எப்போதும்" என்று மாற்றினேன். பத்து நிமிடம் யாரும் பயன்படுத்தாவிட்டால் வைஃபை தூங்கிப்போகும் வசதியை எடுத்துவிட்டேன். பேட்டரி வேகமாகக் குறையும், குறைந்துவிட்டுப் போகட்டும். நெட்வொர்க் முறையை வீட்டில் இருக்கும்போது 4ஜி மட்டும் என்று வைத்துவிடுவேன். தானியங்கியில் விட்டால், சிக்னல் தடுமாறும்போது கீழே இறங்கி 3ஜியைப் பிடித்துக்கொண்டு சீக்கிரத்தில் மேலே ஏறாது. பயணத்தில் மட்டும் தானியங்கி. ஃபர்ம்வேருக்கு, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளுக்கு, அப்டேட் ஒன்று வந்தது, போட்டேன். முகவரிக் குழப்பம் பாதியாகக் குறைந்தது, ஒழியவில்லை.

ஒழியாத மீதிக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. டைமர் வைத்த பிளக்கில் செருகி தினமும் விடியற்காலை கரண்டை நிறுத்திப் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல யோசனைதான், உள்ளே பேட்டரி இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். கரண்ட் போனது ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. வெளியிலிருந்து இணையம் வழியாக உள்ளே நுழையவும் முடியாது. மொபைல் சிம்முக்குப் பொதுவாகக் கிடைப்பது 10 என்று தொடங்கும் முகவரி அல்லது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் ஒன்று. பல பேர் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆகவே வைத்தியர் வீட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு முகவரிகளுக்குப் பிங் போகும். மூன்று முறை தொடர்ந்து இரண்டுமே பதில் தராவிட்டால், அட்மின் பக்கத்தில் நுழைந்து டேட்டாவை நிறுத்திப் போடும். அதற்கும் சரியாகாவிட்டால்தான் ரவுட்டருக்கே ரீஸ்டார்ட். முதல் பதிப்பில் ஒரு தப்பு செய்தேன். ஒரு ரீஸ்டார்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி வைக்கவில்லை. ஒரு நாள் இரவு முழுக்க டவர் இல்லை. காலையில் லாக் ஃபைலைத் திறந்தால், பாவம், அந்தப் பெட்டியை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டால் கொதிக்கிறது. இப்போது இருபது நிமிட இடைவெளி கட்டாயம்.

இவ்வளவும் சரியான பிறகு, இரண்டாவது வருடத்தின் நடுவில் நோய் திரும்பி வந்தது. அதே மாதிரி நெட் போகிறது. ஆனால் இந்த முறை டேட்டாவை நிறுத்திப் போட்டும் வரவில்லை. பழைய கோளாறுதான் என்று ஒரு வாரம் ஸ்கிரிப்டையே நோண்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரையைப் பார்த்த ஒரு கணத்தில் "சிம் இல்லை" என்று வந்து மறைந்தது. மூடியைத் திறந்து சிம்மை வெளியே எடுத்தேன். இந்த ரவுட்டரில் மைக்ரோ சிம் இடம், என்னிடம் இருந்தது நானோ சிம். பிளாஸ்டிக் அடாப்டரில் வைத்துச் செருகியிருந்தேன். மைக்ரோ சிம்மின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், நானோ 0.67. அந்த ஒரு மயிரிழை வித்தியாசத்தில் சூடு ஏறி இறங்க, அடாப்டர் லேசாக வளைந்து, சிம் தகடு முள்ளைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. மைக்ரோ அளவிலேயே உடைத்தெடுத்த புதுச் சிம் வாங்கிப் போட்டேன். அதோடு அது ஒழிந்தது. அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டேன், நீங்களும் போட்டுவிடுங்கள். வெறும் அடாப்டரைச் செருகி இழுத்தால் முள்ளே கையோடு வந்துவிடும்.

மூன்றாவது வருடத்தில் பேட்டரி உப்பியது. பின்மூடி ஒரு ஓரமாக மேலெழும்பி, மேசையில் வைத்தால் ஆடியது. இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்தால் வேறென்ன ஆகும். அதோடு சிக்னல் பலவீனமான இடத்தில் மோடம் முழு சக்தியில் கத்திக்கொண்டிருக்கும், சூடு அதிலும் ஏறும். உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். புதுப் பேட்டரி மாற்றிய பிறகு, பகலில் சில மணி நேரம் சார்ஜரைக் கழற்றிவிடுகிறோம்.

இதையே மறுபடி வாங்குவேனா? வீட்டில் நிரந்தரமாக வைக்க என்றால் மாட்டேன். அதற்குப் பேட்டரியே இல்லாத, தானாகப் பிங் செய்து பார்த்து இணைப்பைப் புதுப்பிக்கும் வசதி மெனுவிலேயே உள்ள ரவுட்டர்கள் இருக்கின்றன. பையில் தூக்கிக்கொண்டு போக என்றால் வாங்குவேன். ஆனால் பேட்டரியைக் கையால் கழற்ற முடிகிறதா, அட்மின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி அளவு (சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் காட்டும் எண்) தெரிகிறதா என்று முதலில் பார்ப்பேன். நான்கு கோடு என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வோர் அர்த்தம். மைனஸ் 85 டிபிஎம் என்றால் நிம்மதி, மைனஸ் 115 என்றால் எப்போது வேண்டுமானாலும் அறும் என்று எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

போன மாத லாகைப் பார்த்தேன். டேட்டாவை நிறுத்திப் போட்டது ஒன்பது முறை, ரீஸ்டார்ட் ஒரு முறை. தங்கை இப்போது போன் செய்வது வேறு விஷயங்களுக்குத்தான். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருக்கும்.