கடன் கொப்பியும் கணக்குக் கொப்பியும்: மூன்று வருடம் சாமான் வாங்கிய அனுபவம்

2022 செப்டெம்பரில் ஒரு பின்னேரம், சந்திக்கடை ஐயா எங்கள் கடன் கொப்பியை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்து 38,450 என்று எழுதினார். ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நான் கேட்ட அரைக் கிலோ மாவை நிறுக்கப் போய்விட்டார்.

அந்த மாதம் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் 94.9 வீதம் என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு அது கோதுமை மாவில்தான் விளங்கியது. கிலோ 400 ரூபா. ஆறு பேர் உள்ள வீட்டில் இரவுக்குப் புட்டவிக்க ஒரு கிலோ மா காணாது. என் கணவருக்கு மேசன் வேலை. சீமெந்து விலை ஏறியதால் கட்டிக்கொண்டிருந்த வீடுகளையும் சனம் அப்படியே விட்டுவிட்டது. வேலை இல்லை, காசு இல்லை, கொப்பி மட்டும் நிறைந்துகொண்டு போனது.

அன்றிரவு மூத்தவளின் பழைய சீ.ஆர். கொப்பியில் மிஞ்சிக் கிடந்த தாள்களில் நானும் எழுதத் தொடங்கினேன். என்ன சாமான், எத்தனை கிராம், என்ன விலை, எங்கே வாங்கினது என்று நாலு கோடு. இன்றைக்கு அது மூன்றாவது கொப்பி. குறைந்த காசில் குடும்பம் நடத்துகிற ஆருக்கும் இந்த அனுபவம் பயன்படும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நாங்கள் இருப்பது வட்டக்கச்சிப் பக்கம். கிளிநொச்சி ரவுணுக்கு பஸ் ஏறித்தான் போகவேண்டும். உங்கள் ஊரில் கடைகள் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான்.

முதல் மூன்று மாதக் கணக்கைப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு திக்கென்றது. பருப்பு 100 கிராம், சீனி கால் கிலோ, தேயிலை 50 கிராம், மிளகாய்த்தூள் ஒரு சின்னப் பைக்கற் என்று ஒவ்வொரு பின்னேரமும் வாங்கியிருக்கிறேன். பருப்பு 100 கிராம் 40 ரூபா. அதே கடையில் ஒரு கிலோவாக வாங்கினால் 330. ஆக, ஒரு கிலோவுக்கு 70 ரூபாவை நான் சும்மா கொடுத்திருக்கிறேன். கடைக்காரரில் பிழை இல்லை. அவரும் சுற்றிக் கொடுக்கிற பேப்பர், பை, சிந்துவது எல்லாம் பார்க்கவேண்டும். அன்றன்றைக்குக் கூலி வாங்குகிற வீட்டில் அன்றன்றைக்குத்தான் சாமான் வாங்க முடிகிறது, அதுதான் எங்களை விழுத்தியது. எது மலிவான கடை என்று தேடுவதை விட்டுவிட்டு, கையில் ஒரு தொகை இருக்கிற நாள் எது என்று பார்க்கத் தொடங்கினேன். அன்றைக்கு என்னென்ன வாங்கவேண்டும் என்பதை முதலே எழுதி வைப்பேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

எங்களுக்கு அந்த நாள், அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு வங்கிக்கு வருகிற நாள். முதலில் 8,500, 2025 தை மாதத்தில் இருந்து 10,000. அது வந்தால் ரவுணுக்குப் போவேன். சாமானுக்கென்று மட்டும் இடையில் ரவுணுக்குப் போவதில்லை. போக வர பஸ் காசு, பிள்ளையும் கூட வந்தால் ஒரு தேத்தண்ணியும் வடையும், கிலோவுக்கு இருபது முப்பது ரூபா மிச்சம் பிடித்ததெல்லாம் அதோடு போய்விடும். நாலாயிரம், ஐயாயிரத்துக்குக் கீழே வாங்குவதென்றால் ரவுண் எனக்கு நட்டம் என்று கொப்பி சொல்கிறது.

ரவுணில் பருப்பு, சீனி, ரின் மீன் மூன்றுக்கும் முதலில் அரசாங்கக் கடையான சதொசவில் விலை பார்ப்பேன். அரசாங்கம் விலை குறைத்ததாக அறிவிக்கிற சாமான்களை அங்கே பார்ப்பதுதான் சுகம். சவர்க்காரம், தேங்காய் எண்ணெய் எல்லாம் மொத்தக் கடைத் தெருவில். சுப்பர்மார்க்கெற்றுக்கு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் எழுதிக்கொண்டு போனதைவிடக் கூட வாங்கினேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் மோசம். ஒரு நன்மை சொல்லவேண்டும், ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிய பில் தருவார்கள். வீட்டில் வந்து ஆறுதலாகப் பார்க்கலாம். இப்போது போவதில்லை.

மொத்தக் கடைகளில் ஒன்றில்தான் ஏமாந்தேன். பெயர் வேண்டாம். அவர்களே கட்டிவைத்த ஐந்து கிலோ அரிசிப் பை, மற்றக் கடையைவிட 40 ரூபா குறைவு. சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். மாமி பையைக் கையில் வாங்கியதும், "இது அஞ்சு இல்லைப் பிள்ளை" என்றார். நான் நம்பவில்லை. அடுத்த நாள் சங்கக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 4 கிலோ 790 கிராம். அந்த 210 கிராமின் விலையைக் கழித்தால் 40 ரூபா மலிவு என்பது பொய். பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம் என்று பிறகுதான் அறிந்தேன். பில் வாங்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். இப்போது பில் இல்லாமல் ரவுணில் ஒரு சாமானும் வாங்குவதில்லை. நிறை, திகதி அடிக்காத பையைத் தொடுவதுமில்லை.

சங்கக்கடை பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை மறந்துபோனார்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளை. பொருளாதாரத் தடைக் காலத்திலும் சண்டைக் காலத்திலும் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றது அங்கேதான். மாமி இப்பவும் அந்த வாசலைக் கடக்கும்போது வரிசையில் நின்ற ஆக்களைப் பெயர் சொல்லி நினைப்பார். இப்போது அங்கே கூட்டமில்லை, எல்லாச் சாமானும் இருக்காது, மத்தியானம் பூட்டியிருக்கும். ஆனால் நிறை சரி. மூன்று வருடத்தில் ஒரு தரம்கூட எனக்குக் குறைந்ததில்லை. ஊருக்குள்ளேயே இருப்பதால் பஸ் காசும் இல்லை. உப்பு, தேயிலை, மா, இடையில் முடிகிற சீனி எல்லாம் அங்கேதான்.

மரக்கறிக்குச் சந்தை. ரவுண் நாளில் வெளிக்கிடுவதற்கு முன் கடைசியாகச் சந்தைக்குள் போவேன். வெயில் ஏறிய பிறகு கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாத தோட்டக்காரர் கூறு போட்டு விற்பார்கள். காலையில் கிலோக்கணக்கில் நிறுத்து விற்ற கத்தரிக்காய், பதினொரு மணிக்குக் கூறு 100 ரூபா. சொத்தை இரண்டு கிடக்கும், வெட்டி எறிந்தாலும் லாபம். பம்பாய் வெங்காயம் இரண்டு கிலோ மேல் வாங்கமாட்டேன், மாரியில் முளைத்து அழுகிவிடும். முருங்கைக்காய், பப்பாசி, கீரை வளவிலேயே உண்டு. மீனுக்கு முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவருகிறவர் காலை ஏழு மணிக்குக் கோன் அடிப்பார். அவரிடம் விலை பேசலாம், பேசிப் பழகிவிட்டது.

மூன்று வருடத்தில் எங்கள் வீட்டை உண்மையில் நிமிர்த்தியது கடை இல்லை, நெல். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விளைகிற நெல் எங்கள் படலைக்கு முன்னாலேயே லொறியில் ஏறிப் போகிறது. பிறகு அதே அரிசியைப் பையில் கட்டி வர, நாங்கள் 100 கிராம் பருப்போடு ஒரு கிலோ, இரண்டு கிலோவாக வாங்குகிறோம். காலபோகம் வெட்டுகிற மாசி, பங்குனியில் நெல் மலிவு. ஐப்பசி, கார்த்திகையில் அரிசி விலை ஏறும். அந்த மாரியில்தான் இவருக்கும் வேலை இல்லை. எங்கள் கடன் கொப்பியில் வருடா வருடம் நிறைந்த பக்கங்கள் அந்த மாதங்கள்தான் என்று என் கொப்பியோடு ஒப்பிட்டபோது கண்டேன்.

பக்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற சீட்டில் மாசி மாதத்தை எனக்குத் தரச்சொல்லிக் கேட்டேன். 2024 இல் அந்தக் காசுக்கு நாலு மூடை நெல் வாங்கினோம். மெசினால் வெட்டின ஈர நெல், விலையும் குறைவு. அப்படியே மண்டபத்தில் நிலத்தோடு அடுக்கினோம். மூன்றாம் கிழமை கீழ் மூடைக்குள் கையை விட்டேன், உள்ளே சூடு. வெளியே எடுத்தால் பூஞ்சண வாசம். ஒரு மூடை கோழிக்குத்தான் போனது. அன்றைக்கு நான் அழுதேன். சீட்டுக் காசு இன்னும் பத்து மாதம் கட்டவேண்டியிருந்தது.

அடுத்த வருடம் மாமி பொறுப்பெடுத்தார். 2025 மாசியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று உத்தரவாத விலை அறிவித்திருந்தது. பக்கத்துக் காணிக்காரருக்கு அந்த விலையையே கொடுத்தோம். அவரும் தரகருக்குக் குறைத்துக் கொடுக்காமல் தப்பினார். ஆனால் காயவிட்டுத்தான் நிறுத்தோம். முற்றத்தில் படங்கை விரித்து மூன்று நாள். ஒவ்வொரு பின்னேரமும் மாமி ஒரு சிட்டிகை நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். மசிந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் 'டக்' என்று சத்தம் கேட்டது. "கட்டு" என்றார். ஆறு மூடை, கீழே பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்கினோம்.

கணக்கு இதுதான். 100 கிலோ நெல் 12,000 ரூபா. அவித்துக் காயவைத்து மில்லில் குத்தினால் 63, 64 கிலோ அரிசி. விறகு வளவில் உண்டு. குத்துக்கூலி, ஏற்றிப் போகிற கூலி எல்லாம் சேர்த்துக் கிலோ 200 ரூபாவுக்குள் நிற்கிறது. அந்த வருடம் கடையில் நாட்டரிசிக்கு அரசு விதித்த உச்ச விலை 230. முப்பது ரூபா பெரிதா என்று கேட்பீர்கள். எங்களுக்கு அந்த ஆறு மூடை கிட்டத்தட்ட ஐந்து மாதச் சோறு, மிச்சம் ஏழாயிரம் ரூபாவுக்கு மேல். தவிடு கோழிக்கு. மாரியில் இவர் வீட்டில் இருந்த நாட்களில் சோற்றுக்கு ஆரிடமும் போய் நிற்கவில்லை, அதை எந்தக் கோட்டில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

தூளும் இப்போது வீட்டில்தான். செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் கால் கிலோ, சின்னச்சீரகமும் மிளகும் நூறு நூறு கிராம், வெந்தயம், மஞ்சள், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. சித்திரை வெயிலில் காயவைத்து, வறுத்து, மில்லில் அரைத்துப் போத்தலில் அடைத்தால் பல மாதம் கிடக்கும். பைக்கற்றில் வாங்கின காலத்தில் கறிக்கு இரண்டு கரண்டி போட்டேன், இதில் ஒன்று போதும்.

சந்திக்கடை ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கணக்கு நேர்மையான கணக்கு இல்லை. 38,450 ரூபாவைக் கட்டி முடிக்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது. வட்டி கேட்கவில்லை, ஒரு நாள்கூட வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. தானும் மொத்தக் கடையில் கடன்பட்டுத்தான் எங்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. முதல் தரம் ரவுணில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து அவருடைய கடை வாசலில் பஸ்ஸால் இறங்கினபோது, பைகளைச் சேலைத் தலைப்பால் மறைத்தேன். அவர் கண்டுவிட்டார்.

"மறைக்காதை பிள்ளை. மலிவெண்டா வாங்கத்தானே வேணும். அவசரத்துக்கு இஞ்ச வா."

அன்றிலிருந்து பாண், தேங்காய், மண்ணெண்ணெய், பிள்ளைகளின் கொப்பி பென்சில் எல்லாம் அவரிடம்தான், உடன் காசுக்கு. தேங்காய் 200 ரூபாவைத் தாண்டின நேரத்தில் ரவுணில் பத்து ரூபா குறைவாக இருந்தும் அங்கே வாங்கவில்லை. அவர் ஒவ்வொரு தேங்காயையும் காதடியில் வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் தருவார், அழுகல் என்றால் மாற்றித் தருவார். பத்து ரூபாவைவிட அது பெரிது. நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பது சதொசவோ சந்தையோ இல்லை. அந்தக் கடை இருக்கவேண்டும் என்றால் நாங்கள் அதில் வாங்கவேண்டும்.

இன்னும் தீராதது பால்மா. 400 கிராம் ஆயிரம் ரூபாவைத் தாண்டிவிட்டது, எந்தக் கடையிலும் ஒரே விலை. சின்னவனுக்கு ஆறு வயது, நிற்பாட்ட மனமில்லை. அந்தப் பைக்கற்றைக் கரைத்தால் மூன்று லீற்றர் பால், அதாவது நாலு போத்தல். வாய்க்கால் கரையில் மாடு வைத்திருக்கிற அக்கா போத்தல் 180 ரூபாவுக்குப் பசும்பால் தருகிறா. 720 ரூபா. போன கிழமையிலிருந்து ஒரு நாளைக்கு அரைப் போத்தல் எடுக்கிறேன். சின்னவன் வாசம் பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்புகிறான். மாமி அதில் ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிப் பார்க்கிறார். நேற்று பாதிக் கோப்பை குடித்தான்.