ஆயில் ஒழுகுகிற பழைய சின்ன ட்ராக்டரோடு நான்கு வருடம்

காரைக்குடிக்கு அருகே புதுவயல் ஊர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கண்மாய்ப் பாசன வயலும் கொஞ்சம் தென்னையும் உண்டு. அதற்காகத்தான் நான்கு வருடத்துக்கு முன் இந்த 3 சிலிண்டர், 24 எச்.பி. வண்டியைப் பழசாக வாங்கினேன். அப்போதே அதற்கு வயது 11, மீட்டரில் 3,100 மணி நேரம். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, இந்த அளவு வண்டிகள் வயதானால் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் ஒழுகுகின்றன.

முதல் வருடம் சும்மா ஓடியது. இரண்டாம் வருடம் கோடை முழுக்க வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, புரட்டாசியில் புழுதி உழவுக்கு இறக்கினேன். மறுநாள் காலை வண்டியின் நடுவயிற்றுக்குக் கீழே நாணயம் அளவுக்கு நாலைந்து கறுப்புச் சொட்டு. கவனிக்காமல் அதை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் போனதில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுக்கக் கால் தடம். "இதுக்குத் தேங்கா எண்ணெயத்தானே தேய்ப்பாக, டீசல் எண்ணெயத் தேய்க்க ஒனக்கு யாரு சொன்னா" என்று அம்மா ஒரு வாரம் விடவில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் குனிந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "கிராங்க் பின்பக்க சீல் போச்சு தம்பி, வண்டிய ரெண்டாப் பிரிக்கணும்." இன்ஜினின் பின்பக்கம் எண்ணெய் கசியாமல் தடுக்கிற வளையம்தான் அது. கூலியோடு 17,000 ஆகும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஒரு கம்பிப் பின் (pin) தொங்கும். கிராங்க் பின்பக்க சீல் போனாலும், கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட்டின் சீல் போனாலும் எண்ணெய் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். (தொழி உழவுக்குச் சேறு உள்ளே போகாமல் இருக்க இந்த ஓட்டையை அடைத்துவிட்டு, பிறகு திறக்க மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எண்ணெய் உள்ளேயே தேங்கி கிளட்ச் பிளேட் நனைந்து வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வரும்.)

ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் 17,000 இல்லை. அதனால் மட்டும்தான் நானே பார்க்க உட்கார்ந்தேன், பெரிய ஞானம் எல்லாம் இல்லை. ஒரு கம்பியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அந்த ஓட்டைக்குள் விட்டுத் துழாவினேன். துணியில் கிளட்ச் தூசிதான் வந்தது, ஈரமே இல்லை. அப்படியென்றால் எண்ணெய் உள்ளேயிருந்து வரவில்லை, எங்கோ மேலேயிருந்து வெளிப்புறமாக வழிந்து வந்து, கடைசியில் அந்தப் பின்னில் தொங்கிச் சொட்டுகிறது.

எங்கிருந்து என்று பார்த்தால் இன்ஜின் மேல் அரை அங்குலத்துக்குச் செம்மண்ணும் எண்ணெயும் அடை மாதிரி அப்பிக் கிடந்தது, எதுவும் தெரியவில்லை. ஆல்டர்னேட்டரையும் ஏர் ஃபில்டர் வாயையும் பாலித்தீன் கவரால் கட்டிவிட்டு, டீசலும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு பகல் முழுக்கக் காயவிட்டேன். அப்புறம் முகப் பவுடரைத் துணியில் முடிந்து இன்ஜின் பக்கங்களில் தட்டிவிட்டு 20 நிமிடம் ஓட விட்டு, நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, இன்ஜின் உச்சியை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பின்பக்க மூலையிலிருந்து நேரே கீழே ஹவுசிங் வரைக்கும். சொட்டுகிற இடத்தைப் பார்க்காமல், நனைந்திருக்கிற இடங்களில் ஆக உயரமானதைத் தேட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

கவரைக் கழற்றினால், கசியாமல் இருக்க அதன் அடியில் வைக்கிற கார்க் பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கியது. முன்னால் வைத்திருந்தவர் ஒழுகல் நிற்க வேண்டும் என்று போல்ட்டை இறுக்கி இறுக்கித் தகட்டு விளிம்பையே வளைத்துவிட்டிருந்தார். அதைத் தட்டையான கல்லில் வைத்து மெல்லத் தட்டி நேராக்கி, புதுப் பேக்கிங் போட்டேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன், மூன்றே வாரத்தில் அதே இடத்தில் மறுபடி ஈரம்! இந்த முறை ஆயில் அளவு பார்க்கிற குச்சியும் தன் இடத்திலிருந்து கொஞ்சம் மேலே எழும்பி நின்றது.

அது எழும்புகிறது என்றால் உள்ளே காற்று அழுத்தம் ஏறுகிறது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து ஐடிலில் ஓட விட்டால் புஸ் புஸ்ஸென்று அடித்தது, தலைகீழாக வைத்த மூடி துள்ளிக் கீழே விழுந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோச்சு என்று நெஞ்சு பதறியது உண்மை. அதற்கு முன், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடுகிற ப்ரீதர் பைப்பைப் பார்ப்போமே என்று கழற்றினேன். உள்ளே குளவிக் கூடு. கோடையில் நின்ற வண்டிக்குள் குளவி மண்ணை வைத்து நன்றாகப் பூசி அடைத்துவிட்டிருந்தது, நம் ஊர்க் கொத்தனார் கூட இவ்வளவு நேர்த்தியாகப் பூசமாட்டார். பைப்பைக் கழுவி மாட்டியதும் குச்சி அடங்கியது, மூடியும் ஆடாமல் நின்றது. ரிங் போயிருந்தால் ப்ரீதரைச் சுத்தம் செய்த பிறகும் அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். மொத்தச் செலவு பேக்கிங் விலையும் இரண்டு லிட்டர் டீசலும்தான். இப்போது மாசி அறுப்பு வேலைகள் முடிந்து வண்டியை நிறுத்தும்போது பைப் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுகிறேன், காற்று போகும், குளவி போகாது.

மூன்றாம் வருடம் ஆயில் ஃபில்டர் பக்கம் ஈரம் தெரிந்தது. ஃபில்டரை மாற்றியும் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த ஆயில் பிரஷர் சுவிட்சின் ரப்பர் தொப்பியை இழுத்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய் குளம் கட்டி நின்றது. சுவிட்சை மாற்றினேன், சரியாகிவிட்டது.

இப்போது மீட்டர் 4,200. இந்தப் புரட்டாசியில் மறுபடியும் அந்த ஓட்டையில் சொட்டு. துணி விட்டுப் பார்த்தேன், இந்த முறை நனைந்து வந்தது. ஆனால் கறுப்பாக இல்லை, தேன் நிறம். இன்ஜின் ஆயில் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும், கியர் பாக்ஸ் ஹைட்ராலிக் எண்ணெய்தான் இப்படித் தெளிவாக இருக்கும். ஆக, கியர் பாக்ஸ் பக்கத்து சீல். இதற்கு நிஜமாகவே வண்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ராத்திரிக்கு இரண்டு சொட்டுதான், கிளட்ச் இன்னும் வழுக்கவில்லை, எண்ணெய் அளவை வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். அறுப்பு முடிந்ததும் பிரித்து, தேய்ந்த கிளட்ச் பிளேட்டையும் இரண்டு பக்க சீல்களையும் ஒரே கூலியில் மாற்றச் சொல்லியிருக்கிறேன், அதே மெக்கானிக்கிடம்தான். அதுவரைக்கும் அடியில் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறேன், அம்மாவுக்காக.